பாதிச் சலுகை

முன்னொரு காலத்தில் ஓர் அரசருக்குத் திடீரென்று கல்வியின் மேல் ஆசை வந்தது. தாம் படிப்பதற்கு அல்ல. பிறரைப் படிக்கவைத்த புண்ணியவான் என்று பெயர் வாங்குவதற்கு. ஊரில் சர்வோத்தமப் பண்டிதர் என்பவர் சொந்தமாகக் கலாசாலை நடத்திவந்தார். அவரை அழைத்து, "திறமையுள்ள பிள்ளைகளுக்கு என் பெயரால் சலுகை கொடுங்கள். செலவு கஜானாவைச் சேர்ந்தது" என்றார் அரசர்.

பண்டிதர் மகா கெட்டிக்காரர். அன்றைக்கே கட்டணத்தை இரட்டிப்பாக்கினார். மறுநாள், தேர்வில் முன்னணியில் வருவோருக்குப் பாதிக் கட்டணம் தள்ளுபடி என்று தண்டோரா போட்டார். பிரபுக்களின் பிள்ளைகள் பழைய கட்டணத்தையே கட்டி, பொன்னாடையும் போர்த்திக்கொண்டு உள்ளே போனார்கள். பெற்றவர்களுக்குப் பெருமை தாங்கவில்லை. தள்ளுபடி செய்த பாதியைப் பண்டிதர் கஜானாவில் வாங்கிக்கொண்டார்.

அந்த ஆண்டு தேர்வில் முதலாவதாக வந்தவன் முத்திருளன். சுண்ணாம்புக் காளவாயில் கல் சுமக்கும் பேச்சியம்மாளின் மகன். அவனுக்கும் பொன்னாடை போர்த்தி, மீதிப் பாதியைப் பௌர்ணமி மாலைக்குள் கட்டாவிட்டால் இடம் அடுத்தவனுக்குப் போய்விடும் என்று சொல்லி அனுப்பினார்கள். அடுத்தவன் சேனாதிபதியின் மருமகன்.

பேச்சியம்மாள் அரசவைக்கே வந்து நின்றாள்.

"பாதிய நீங்க குடுத்துட்டீங்க, நல்லா இருக்கணும் சாமி. மீதிக்கு நான் எங்க போவேன்? விக்கிறதுக்குக்கூட எங்கிட்ட ஒண்ணுமில்லையே."

சபையில் பலருக்குத் திடீரென்று தங்கள் மோதிரங்களைப் பார்க்கவேண்டியிருந்தது. விகடகவி தாண்டவராயன் மட்டும் எழுந்தான். "மன்னா, இவள் கேட்பது நியாயமான கேள்வி. பண்டிதர் பதில் சொல்லட்டும்."

பண்டிதருக்கு முகம் கறுத்தது. அந்த விகடகவியை விரட்ட வெகுநாளாகவே சமயம் பார்த்திருந்தவர் அவர். "தகுதிக்குப் பாதி, முயற்சிக்குப் பாதி. இதுவே என் முறை, மன்னா. இதில் குறை உண்டென்றால் இவரே இதை அரண்மனையில் நடத்திக் காட்டட்டும். காட்ட முடியாவிட்டால் பதவியை விட்டு விலகட்டும்."

அரசருக்கு வேடிக்கை என்றால் கொள்ளைப் பிரியம். "அப்படியே ஆகட்டும். இன்றுமுதல் அரண்மனையில் யார் எதைக் கேட்டாலும் பண்டிதர் முறைப்படியே வழங்கப்படும். வழங்கும் பொறுப்பு தாண்டவராயனுடையது" என்று ஆணையிட்டார். பேச்சியம்மாளுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டாள்.

அரண்மனை நிலவறைக்குப் படிக்கட்டு கிடையாது. திருடர் பயம். நூலேணியில்தான் இறங்க வேண்டும். பௌர்ணமியன்று காலை, அடுத்த ஆண்டுப் பொன்னாடைகளுக்குப் பட்டு எடுக்க அரசரும் பண்டிதரும் அதில் இறங்கினார்கள். கால் தரையில் பட்டதும் நூலேணி சரசரவென்று மேலே போய்விட்டது.

"யாரங்கே! ஏணியை விடுங்கள்!"

மேலிருந்து தாண்டவராயன் எட்டிப் பார்த்தான். "விடுகிறேன் மன்னா. முதலில் தேர்வு. கீழே இருப்பவர்களில் மேலே வர அதிகத் தகுதி உடையவர் யார்?"

"அரசர்தான், அதிலென்ன சந்தேகம்?" என்றார் பண்டிதர்.

"அப்படியானால் முதலிடம் அரசருக்கு!" மேலேயிருந்து ஒரு பொன்னாடை வந்து விழுந்தது. பின்னாலேயே நூலேணியும் இறங்கி, பாதி உயரத்தில் நின்றுவிட்டது. தாண்டவராயன் அதை வெட்டியிருந்தான்.

பண்டிதர் குனிந்தார். அவர் முதுகில் ஏறி அரசர் எம்பினார். எட்டவில்லை.

"முடியவில்லை, தாண்டவராயா!"

"பாதி தள்ளுபடி, மன்னா. மீதி தங்கள் முயற்சி. ஏணியில் ஒரு குறையும் இல்லை. மேலே நிற்கிற எங்களுக்கு நன்றாகவே எட்டுகிறது."

அரசர் வெட்டுப்பட்ட நுனியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு சிரித்தார், பண்டிதரின் முதுகு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். வேறு ஏணி வந்து மேலே ஏறியதும் தம் முத்துமாலையைக் கழற்றித் தாண்டவராயன் கழுத்தில் போட்டார். "இனிக் கலாசாலையில் முதலிடம் பெறுபவனுக்கு முழுக் கட்டணமும் தள்ளுபடி" என்று ஓலையும் எழுதிக் கொடுத்தார்.

தாண்டவராயன் வேறு ஆளை நம்பாமல் தானே ஓலையோடு காளவாய்க்கு ஓடினான். பேச்சியம்மாள் தலைச்சுமையை இறக்காமலே கேட்டாள்.

"இன்னிக்கு வெள்ளனவே எம்மவன் கப்பல் ஏறிட்டான் சாமி. மீதிப் பாதியச் சம்பாதிச்சுக்கிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போனான். இந்த ஓலைய அவங்கிட்டச் சேத்துற முடியுமா?"

துறைமுகத்தில் விசாரித்தான். அந்தக் கப்பல் எந்தத் தீவுக்குப் போகிறது என்றுகூட யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. கூலிகளைப் பிடித்துப்போகும் கப்பல். திரும்பி வந்தவர்களை யாரும் பார்த்ததில்லை. கழுத்திலிருந்த மாலை தாண்டவராயனுக்குக் கனத்தது, வெட்கமாகவும் இருந்தது.

மாலையில் நிலா எழுந்ததும் பண்டிதர் பெயர்களை வாசித்தார். முத்திருளன் வரவில்லை. ஆகவே முதலிடம் சேனாதிபதியின் மருமகனுக்குப் போயிற்று. அவனுக்கு முழுக் கட்டணமும் தள்ளுபடி. அரசரின் ஓலையில் அப்படித்தான் எழுதியிருந்தது.