தாழியில் இருந்த நீறு

ஈச்சமேட்டு ஆற்றங்கரையில், பல நூற்றாண்டுகளுக்கு முன் இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த மேடு ஒன்று உண்டு. அதை அகழ்ந்து ஆராய வந்தவர்களிடம் உடைந்த பானை ஓடுகளைக் கழுவும் கூலியாக இருந்தவர் மாடத்தியார். வெயிலில் குத்தவைத்து, ஓடுகளை நீரில் நனைத்து, பழைய பிரஷால் மண்ணைத் தேய்த்தெடுப்பார். ஒவ்வோர் ஓட்டுக்கும் ஒரு 'சிவசிவா'. விடியலில் ஊர் ஈசர் கோயிலில் கும்பிட்டு, நெற்றி நிறைய நீறு பூசிக்கொண்டுதான் வேலைக்கு வருவார்.

தாழி திறக்கும்போதெல்லாம் குழி ஓரத்தில் நின்று கைகூப்புவார். உடன் வேலை செய்த பெண்கள் சிரித்தார்கள்.

"உள்ள கெடக்கது ஒன் மாமியாளாக்கும்?"

"யாரு பெத்த பிள்ளையோ. ஒரு கும்பிடு போட்டா கை தேஞ்சா போகும்?" என்பார்.

அவருடைய ஒரே மகள் ஆறு வயதில் காய்ச்சலில் போனாள். புதைத்த இடத்தை மறு ஆண்டே ஆற்று வெள்ளம் அரித்துக்கொண்டு போயிற்று.

ஒரு நாள் சிறிய தாழி ஒன்று கிடைத்தது. உள்ளே குழந்தையின் எலும்புகள். மண்டையோட்டின் அடியில் கைப்பிடி வெண்ணீறு. அகழாய்வை நடத்திய பேராசிரியர் தனுஷ்கோடி நீற்றைப் பார்த்தார். பிறகு மாடத்தியாரின் நெற்றியைப் பார்த்தார்.

"நீ போட்டதாம்மா இது? செத்த பிள்ளைய நெனச்சுப் போட்டிருப்ப. ஒத்துக்கிட்டா வேலையில இருக்கலாம்."

"போடணும்னு கை துடிச்சது நெசம்யா. ஆனா போடல. போட்டேன்னு பொய் சொல்லிட்டு ஈசன் மொகத்துல எப்படி முழிப்பேன்?"

பேராசிரியர் நம்பவில்லை. 'சான்று கெட்டது' என்று எழுதி அந்த நீற்றைப் பெட்டியில் கட்டிப்போட்டார். மாடத்தியாரை மேட்டிலிருந்து விரட்டினார்.

ஊர் அதற்குக் கைகால் ஒட்டியது. தாழிக்குள் மந்திரித்துப் போட்டாளாம், எலும்பு திருடினாளாம். கடைசியில் கோயில் அறங்காவலர் சிதம்பரநாதர் வாசலில் கை நீட்டி மறித்தார். "பொணம் தொட்ட கையோட உள்ள வராத." அம்மையார் திரும்பி நடந்தார். விறகு பொறுக்கி வயிறு கழுவினார். நாள்தோறும் தெருவில் நின்றே கோபுரத்தைக் கும்பிட்டார். நான்கு ஆண்டுகள் இப்படிப் போயின. எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நடந்தார்கள்.

குழலி என்ற ஆய்வாளர் அந்தப் பெட்டியை எடுத்துச் சோதித்தார். நீற்றோடு கலந்திருந்த கரித்துணுக்கும் குழந்தையின் எலும்பும் ஒரே காலத்தவை என்று தெரிந்தது. சொல்ல அவரே ஊருக்கு வந்தார்.

"அது நீங்க போட்டது இல்லம்மா. அந்தப் பிள்ளையப் பெத்தவ வச்சிருக்கலாம்."

மாடத்தியார் தன் நெற்றி நீற்றைத் தொட்டுப் பார்த்தார். "எனக்கு முந்தியே ஒருத்தி அழுதிருக்கா" என்றார்.

பேராசிரியர் அந்த நீற்றைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதிப் பாராட்டுப் பெற்றார். கூலிக்காரி பெயர் அதில் இல்லை. மன்னிப்புக் கேட்டு ஒரு வரி வரவில்லை. அறங்காவலரும் "தீட்டு தீட்டுதான்" என்றுவிட்டார்.

பங்குனித் திருவிழாவில் ஈசரின் பல்லக்கு காலையில் வீதிவலம் வந்தது. ஓரமாய் நின்ற மாடத்தியாருக்கு எதிரே வந்ததும் சுமந்தவர்களின் தோள் நொடிந்தது. இறக்கி வைத்தார்கள். பதினாறு பேர் தோள்கொடுத்தும் பல்லக்கு அசையவில்லை. அறங்காவலர் வேர்த்து நின்றார். குருக்கள்தாம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அந்த அம்மாவ வரச் சொல்லுங்கோ."

அம்மையார் வந்தார். நான்கு ஆண்டுகளாக அருகே நின்று காணாத திருமுகத்தைக் கண்ணாரக் கண்டார். எதுவும் கேட்கவில்லை, யாரைப் பற்றியும் முறையிடவில்லை. அவர் கும்பிட்டு விலகிய பின் நால்வர் தூக்கவே பல்லக்கு எழுந்தது.

மறுநாளும் கோயில் வாசலில் அதே கை மறித்தது. உள்ளே விடாதவர்களோடு ஈசன் வழக்காடவில்லை. தாமே ஒருமுறை தெருவுக்கு வந்து போனார். பிழைப்பும் பேரும் போன பின்னும் பொய்யொன்று சொல்லாத மாடத்தியாரின் அடிகள் நம் தலைமேல் இருக்கட்டும்.