கிராம்பு குத்தாத வெற்றிலை

முன்னொரு காலத்தில், ராஜாவுக்குத் தலைவலி என்றால் ஊரே பத்துப் போட்டுக்கொண்ட காலத்தில், ஒரு ராஜாவும் ராணியும் சொக்கட்டான் ஆடினார்கள். ராணி ஜெயித்தாள். ராஜா காய்களைக் கலைத்துவிட்டு, "இந்த ஆட்டம் செல்லாது" என்றார். ராணிக்கு வந்ததே கோபம்! "தோற்றேன் என்று தங்கள் வாயால் சொல்லும்வரை இந்த அரண்மனையில் இருக்க மாட்டேன்" என்று சொல்லி, மூன்று நாள் வழியிலிருந்த அண்ணன் கோட்டைக்குப் போய்விட்டாள்.

இதெல்லாம் உள்ளே நடந்தது. வெளியே, அரண்மனை வாசலில், கூத்தபிரான் என்ற விகடன் நான்கு வருடமாக வேலை கேட்டு நின்றுகொண்டிருந்தான். உள்ளே போகிறவர் வருகிறவர் எல்லோரையும் சிரிக்க வைப்பான். ஒருநாள் மனு அதிகாரி தில்லைநாயகத்தைப் பார்த்து, "ஐயா, மீசைக்கு மை பூசிய கையோடு புருவத்துக்கும் பூசியிருக்கலாமே" என்றான். மாடத்தில் நின்ற ராஜா அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து கூத்தபிரானின் மனு கட்டுக்கு அடியிலேயே கிடந்தது. தில்லைநாயகம் பிரதானியாக உயர்ந்த பிறகும் அது மேலே வரவில்லை.

அவன் மனைவி வடிவு இரண்டு நாள் நடையில், ஆற்றுக்கு அக்கரையில் இருந்தாள். "உத்தியோகம் கிடைத்த அன்றே பல்லக்கு அனுப்புகிறேன்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தவன், வெறுங்கையோடு திரும்ப வெட்கப்பட்டான். அவன் பாதிக் கதை சொல்லும்போதே வடிவு சிரித்துவிடுவாள். மீதியைக் கேட்கப் பொறுமை கிடையாது. இங்கே முழுக்கதையும் கேட்டுவிட்டு, "அப்புறம்?" என்கிறார்கள். அந்த அவசரச் சிரிப்புக்காக அவன் ஏங்காத நாளில்லை. சபையில் யாருக்காவது பதவி கொடுத்தால் வாசலில் நின்று எக்கி எக்கிப் பார்ப்பான். ராணி வெற்றிலை மடித்துக் கிராம்பு குத்துவாள். ராஜா அதை எடுத்துக் கொடுப்பார். அதை வாங்கினால் பதவி. பார்க்கும்போதெல்லாம் கூத்தபிரானின் கையும் தானாகக் குவியும்.

ஒருநாள் காலையில் பிரதானியே பல்லெல்லாம் தெரிய வாசலுக்கு வந்தார்.

"கூத்தபிரானே, உம்மை ராஜதூதராக நியமித்திருக்கிறோம். உச்சிப்பொழுதில் சபைக்கு வந்து வெற்றிலை வாங்கிக்கொள்ளும்."

என்ன வேலை, எவ்வளவு சம்பளம், இவன் எந்த ஊர், எதுவும் பேச்சில் வரவில்லை. கூத்தபிரானுக்கு ஒரு கணம் கால் தரையில் பாவவில்லை. மறுகணம், வாசலில் மோர் விற்கும் செங்கமலத்திடம் ஓடினான்.

"அக்கா, நாலு வருசமா திரும்பிப் பாக்காத மனுசன் இன்னிக்கு நேர்ல வந்து வேலை குடுக்குறாரு. சந்தோசப்படுறதா, பயப்படுறதா?"

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான் தம்பி" என்றாள் அவள். "ராணியம்மாவைக் கூட்டியாரணும். ஆனா ராஜா கூப்பிட்டாருன்னு சொல்லக் கூடாதாம், அவரு பேரையே எடுக்கக் கூடாதாம். மூணு தூதருங்க போய்ட்டு சும்மா திரும்பினாங்க. மூணு பேரும் இப்ப சிறையில. ராணியம்மா போன இந்த அஞ்சு மாசத்துல நீ நாலாவது ஆளு. இப்படியே ஊருக்கு ஓடிரு."

"ராஜா குடுக்கிற வெத்தலைய வேணாம்னு சொன்னாலும் சிறைதானே அக்கா?"

அதைவிட வெட்கக்கேடு, இவ்வளவு தெரிந்தும் அவன் மனசில் பாதி இன்னும் அந்த வேலைக்கு ஆசைப்பட்டது. தூதர் என்றால் வீடு தருவார்கள். வீடு என்றால் வடிவு வருவாள். இந்த நினைப்போடேதான் சபைக்குள் போனான்.

ராஜா இளைத்திருந்தார். பக்கத்து ஆசனம் காலியாக இருந்தது. பிரதானி தட்டை நீட்ட, ராஜா வெற்றிலையை எடுத்தார். கூத்தபிரானின் கை வழக்கம்போலக் குவிந்தது. அப்போதுதான் பார்த்தான்: வெற்றிலையில் கிராம்பு இல்லை.

"மகாராஜா, ஒரு சந்தேகம். இதை மடித்தது யார்?"

"அவசரத்தை முன்னிட்டு நான்தான் மடித்தேன்" என்றார் பிரதானி.

"அப்படியானால் இது வெறும் தாம்பூலம். தின்றால் வாய் சிவக்கும், பதவி வராது. மகாராணியார் இந்தச் சபையில் அமர்ந்து, தம் கையால் மடித்துக் கிராம்பு குத்தித் தருவதுதானே இந்த ராஜ்யத்தில் பதவி வெற்றிலை?"

சபையில் இருந்த பெரியவர்கள் ஆமாம் என்று தலையசைத்தார்கள்.

"சிறையில் இருக்கும் மூவரும் தூதர்களே அல்லர், மகாராஜா. இல்லாத பதவியில் எப்படித் தவறு செய்வார்கள்? அது போகட்டும். நம் பிரதானியார் பதவியேற்று மூன்று மாதம்தான் ஆகிறது."

ராஜா மெதுவாகத் திரும்பினார். "தில்லைநாயகம், உமது வெற்றிலையை மடித்தது யார்?"

"அடியேனே... மடித்துக்கொண்டேன், மகாராஜா."

சபை கொல்லென்று சிரித்தது. கூத்தபிரான் மட்டும் சிரிக்கவில்லை.

"தாங்கள் அழைக்க வேண்டாம். தங்கள் பெயரும் வேண்டாம். வெற்றிலை மடிக்க ஆளில்லாமல் நாட்டில் பிரதானியே இல்லை என்று இவரே போய் முறையிடட்டும். இவருக்குத்தானே அவசரம்!"

தில்லைநாயகம் தலைப்பாகையைக்கூடச் சரிசெய்யாமல் புறப்பட்டார். ஏழாம் நாள் ராணி வந்தாள்.

"நாட்டு வேலை நிற்கக் கூடாதே என்று வெற்றிலை மடிக்க வந்தேன். மடித்ததும் போய்விடுவேன்" என்றாள், யார் முகத்தையும் பார்க்காமல்.

ஒரு வெற்றிலை மடித்தாள். கிராம்பைக் கையில் எடுத்தாள். ராஜா பொறுக்க முடியாமல், "தோற்றேன்" என்றார். "அன்று ஒரு ஆட்டம் தோற்றேன். நீ போன பிறகு தினமும் தோற்றேன்."

ராணி கிராம்பைக் குத்தி, வெற்றிலையை ராஜாவின் கையில் வைத்தாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். மூன்று தூதர்களையும் விடுவித்தார். தில்லைநாயகத்தைப் பழையபடி மனு வாங்கும் இடத்தில் உட்கார வைத்தார். அந்த வெற்றிலையைக் கூத்தபிரானுக்குக் கொடுத்து, ஆஸ்தான விகடனாக்கி, வீடும் தந்தார்.

"உம் மனைவியை அழைத்து வர இப்போதே பல்லக்கு அனுப்புகிறேன்."

"பல்லக்கு வேண்டாம்" என்றாள் ராணி. "என்னை அழைக்கவும் மூன்று பேர் பல்லக்கோடு வந்தார்கள். ஒவ்வொரு முறையும் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்றுதான் பார்த்தேன்."

"நானே போகிறேன்" என்றான் கூத்தபிரான். ராஜா குதிரை கொடுத்தார். அவனுக்குக் குதிரையேறத் தெரியாது; கற்றுக்கொள்ளப் பொறுமையும் இல்லை. ஓட்டமும் நடையுமாகக் கிளம்பி, ஆற்றைக் கடந்து, மறுநாள் மத்தியானம் புழுதியும் வியர்வையுமாகத் தன் வீட்டு வாசலில் நின்றான்.

வடிவு வெளியே வந்தாள். அவனுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள். பல்லக்கு இல்லை, ஆள் இல்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது, அதாவது, புரிந்துவிட்டதாக நினைத்தாள்.

"கிடைக்கலைன்னா போகுது, விடுங்க" என்று அவன் கையைப் பிடித்தாள். "இதுக்குப் போயி நாலு வருசமா வராம இருப்பாங்களா? உள்ள வாங்க, சோறு இருக்கு."

ராஜ்யத்தையே சிரிக்க வைத்தவன், அங்கேயே நின்று அழுதான்.