மடுக்காவல் கல்லூரி

ஓர் ஏரிக்கரையில் நாரை ஒன்று கல்லூரி நடத்தி வந்தது. மூன்று வருடம் படித்துப் பட்டம் வாங்கினால் முதலையின் மடுவில் காவல் வேலை நிச்சயம் என்று கரையெங்கும் சொல்லி வைத்திருந்தது.

அதே கரையில் ஒரு நீர்நாய் தன் மகள் மினுக்கியோடு வசித்தது. மகளாவது நல்ல நிலைக்கு வரட்டும் என்று தாய் ஆசைப்பட்டது. கட்டணமோ கூடை கூடையாக மீன். அவ்வளவு மீனுக்கு எங்கே போவது? நரியிடம் போகும்படி நாரையே வழி சொன்னது. தாய் தான் குடியிருந்த வளையை நரியிடம் அடகு வைத்து, மீனைக் கடன் வாங்கிக் கட்டியது.

மினுக்கி கண்ணும் கருத்துமாகப் படித்தது. ஆனால் அங்கே யாரையும் தண்ணீரில் இறங்க விடவில்லை. கரையில் வரிசையாக நின்று மீன்களின் பெயர்களை ஒப்பித்தார்கள். மூன்று வருடமும் அதுதான் பாடம்.

பட்டம் வாங்கிய மறுநாள் மினுக்கி மடுவுக்குப் போய் வேலை கேட்டது. முதலைக்கு ஒன்றும் புரியவில்லை.

"எனக்கு எதுக்கும்மா காவல்? என்னைப் பார்த்தாலே எல்லாரும் ஓடுறாங்க. உன்னை மாதிரியே வாரம் ரெண்டு பேர் வந்து கேட்கிறாங்க. அந்த நாரையை நான் பார்த்ததுகூட இல்லை."

மினுக்கி வீடு திரும்பியபோது வளைக்குள் நரியின் குட்டிகள் விளையாடிக்கொண்டிருந்தன. தவணை தவறிவிட்டதாம். தாய் வெளியே கோரைப்புல்லில் சுருண்டு படுத்திருந்தது. மகளைப் பார்த்ததும், வேலையில் எப்போது சேரணும் என்று கேட்டது.

மினுக்கி வந்த வழியே திரும்பியது. நேரே கல்லூரிக்கு நடந்தது.

அன்று புதியவர்களைச் சேர்க்கும் நாள். ஆமைகளும் தவளைகளும் பிள்ளைகளோடு வரிசையில் நின்றன. மினுக்கி எல்லார் முன்னாலும் நாரையிடம் கேட்டது.

"ஐயா, இங்கே படிச்சதில் யாருக்காவது முதலை வேலை கொடுத்திருக்கா? ஒரே ஒரு பேர் சொல்லுங்க."

நாரை கழுத்தை நிமிர்த்தியது. "கல்வி அறிவுக்காக. வேலைக்காகப் படிக்கிறது கேவலம்."

"எங்கம்மாகிட்ட நீங்க வேலைன்னுதானே சொன்னீங்க? சரி, அறிவுன்னே வச்சுக்குவோம். நீர்நாய்க்கு மூணு வருஷம் தண்ணியையே காட்டலையே, அது என்ன அறிவு? என் படிப்புக்கு எங்கம்மா வீட்டைக் கொடுத்துட்டுப் புல்லில் படுத்திருக்கா. வந்து அவகிட்ட சொல்லுங்க, கேவலம்னு."

வரிசையில் முதலில் நின்ற ஆமை தன் மீன்கூடையைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பிறகு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

அதற்காக வளை திரும்பி வரவில்லை. கடன் கடன்தான் என்று நரி சொல்லிவிட்டது. நாரை வெட்கப்படவும் இல்லை. அடுத்த ஏரிக்குப் பறந்து போய் அங்கே புதுப் பலகை மாட்டியது. மினுக்கியும் தாயும் எதிர்க்கரையில் வேறு வளை தோண்டினார்கள். அது முடிந்ததும் மினுக்கி கிளம்பி அடுத்த ஏரிக்குப் போய், அந்தப் பலகைக்குக் கீழேயே நின்று, வருகிறவர்களிடமெல்லாம் நடந்ததைச் சொன்னது.

படிக்க ஆசைப்படுவது ஒருநாளும் தவறில்லை, அந்த ஆசையைக் காட்டி ஏழையின் வீட்டைப் பறிப்பதுதான் திருட்டு; ஆகவே கடன் வாங்கும் முன், அங்கே படித்து வெளியே வந்தவர்களை விசாரியுங்கள்.