வையாபுரியின் வலது கை

கல் எடுத்து முடித்துக் கைவிட்ட குவாரி ஒன்றில் சலேத் மேரி துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்து வந்தார். முன்பு காவல்துறையில் ஆயுதப் பயிற்சி அளித்தவர். கற்க வந்தவர்கள் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றே அழைத்தார்கள்.

அந்தக் குழிக்கு ஒரு குணம் உண்டு. சுட்ட சத்தம் பாறையில் பட்டு, சற்றுத் தாமதித்துத் திரும்பி வரும். எதிர்ப்பக்கத்தில் யாரோ பதிலுக்குச் சுட்டது போலிருக்கும். புதியவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பழகியவர்கள் பார்ப்பதில்லை.

வையாபுரி பழகியவர். திண்டுக்கல் பக்கம் கிரானைட் பட்டறை வைத்திருப்பவர். மாஸ்டரைவிட வயதில் மூத்தவர். பட்டறையில் திருடர்கள் புகுந்து அவரைக் கட்டிப்போட்டுவிட்டுப் போன பிறகு, உரிமம் எடுத்து ஒரு சின்னப் பிஸ்டல் வாங்கினார். சட்டைக்குள் இருந்தால் வெளியே தெரியாது. துப்பாக்கி சுடும் போட்டிகளுக்கும் அதையே கொண்டுவந்தார்.

"போட்டிக்கு இது குட்டைங்கய்யா" என்றார் மாஸ்டர், அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு. "சுண்டுவிரல் வைக்க இடமில்ல. உதைக்கும்."

"உதைக்கட்டும் மாஸ்டர். இடுப்புல இருக்கிறதும் போட்டியில எடுக்கிறதும் ஒண்ணா இருந்தாத்தானே பழகும்?"

"எது எதுக்குப் பழகும்?"

வையாபுரி அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு சிரித்தார்.

இன்னொரு நாள் அவர் கேட்டார்: "மனசைவிடக் கை வேகமாகணும் மாஸ்டர். அதுக்கு என்ன செய்யணும்?"

"வீட்ல தினமும் எடுங்க. காலித் துப்பாக்கி. எடுத்து, குறி வச்சு, விசைய அழுத்தி, திரும்ப உறையில வைங்க. மெதுவா."

"வேகம் எப்ப வரும்?"

"வந்தா உங்களுக்குத் தெரியாது."

அவர் விடாமல் செய்தார். வீட்டுப் படுக்கையறையில் கண்ணாடி வைத்த இரும்பு பீரோ இருந்தது. கண்ணாடியில் தெரியும் தன் மார்பையே குறியாக வைத்துக்கொண்டார். மாவட்டப் போட்டியில் நீளக் குழல்காரர்களை எல்லாம் பின்னுக்குத் தள்ளினார். தொடங்கச் சொல்லும் மணி ஒலித்ததும் அவர் எப்போது எடுத்தார் என்பதைப் பக்கத்தில் நின்றவர்களால் சொல்ல முடியவில்லை.

பிறகு ஒருநாள் காலையில் மனைவியையும் அழைத்துக்கொண்டு குவாரிக்கு வந்தார். மனைவி பெயர் தெய்வானை. கையில் ஒரு துணிப்பையும் கைபேசியும் வைத்திருந்தாள்.

"நீங்கதான் மாஸ்டரா?" என்றாள். "இவ்வளவு சின்னப் பிள்ளையா இருக்கீங்க. இவரு பேசுறதக் கேட்டு நான் ஏதோ தாடி வச்ச சாமியார்னு நெனச்சேன்."

"உக்காருங்கம்மா."

"உக்கார வரல. எம்பொண்ணு கனகாவுக்கு இது எட்டாம் மாசம். தலைப்பிரசவம். நம்ம வீட்டுக்குத்தான் வரணும். ஆனா இந்தச் சனியன் இடுப்புல இருக்கிற வரைக்கும் வரமாட்டேங்குறா. மாப்பிள்ளையும் அனுப்ப மாட்டேங்குறாரு."

"ஏன், என்ன நடந்தது?"

வையாபுரி கீழே பார்த்தார். தெய்வானை துணிப்பையிலிருந்து ஒரு பட்டுப்புடவையை எடுத்து உதறி விரித்தாள். ஓரத்திலிருந்து ஓரம்வரை வரிசையாக ஓட்டைகள். எல்லாம் ஒரே அளவு, ஒரே இடைவெளி. பீரோவில் மடித்து வைத்திருந்த புடவைக்குள் ஒரு குண்டு புகுந்து போயிருக்கிறது.

"என் முகூர்த்தப் புடவை" என்றாள். "பீரோவுக்குப் பின்னால சுவரு. சுவருக்கு அந்தப் பக்கம் கனகாவுக்கு ஒழிச்சு வச்ச ரூம்."

"குண்டு பீரோவத் தாண்டல மாஸ்டர்" என்றார் வையாபுரி. "காலித் துப்பாக்கியிலதான் பழகினேன். முடிச்சிட்டுத் தோட்டாவப் போட்டேன். இடுப்புல வச்சேன். பட்டறைக்குக் கிளம்பினேன். அந்த ரூம் வாசப்படிகிட்ட வந்ததும், திரும்பி இன்னும் ஒரே ஒரு தடவைன்னு..."

"யாரு நெனச்சது?"

"நான்தான்." சற்று நிறுத்தினார். "நான்தான் நெனச்சிருக்கணும்."

"அதுல பாருங்கம்மா," என்று தெய்வானை மாஸ்டரிடம் திரும்பினாள், "கண்ணாடியில இவரு நெஞ்சு எங்க தெரியுமோ, சரியா அங்கதான் ஓட்டை. இப்பவும் அந்தக் கண்ணாடி முன்னால நின்னு தலை சீவுறாரு. நெஞ்சுல ஓட்டையோட ஒரு மனுசன் தலை சீவுற மாதிரி இருக்கு. குக்கர் விசிலடிச்சாப் போதும், இவரு கை சட்டையத் தூக்குது. கேட்டா, எங்க தூக்கினேங்குறாரு."

"இவ மிகைப்படுத்துறா மாஸ்டர். அது தப்புதான், ஒத்துக்கிறேன். அதுக்கப்புறம் ஒழுங்கா இருக்கேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இவரால ஆபத்தில்லன்னு நீங்க சொன்னா பொண்ணு வருவா."

தெய்வானை கைபேசியை உயர்த்திக் காட்டினாள். "அவ போனோட காத்திருக்கா. நீங்க சொல்றதத்தான் கேப்பா. நீங்க கத்துக்கொடுத்ததுதானே இதெல்லாம்?"

"ஆமாம்மா" என்றார் மாஸ்டர். "நான்தான்."

அவர் எழுந்து போய், குண்டுகள் போய்ப் புதையும் மண்மேட்டைப் பார்க்கும்படி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார். மண்மேட்டுக்கு முன்னால், அதற்கு எதிரே, இன்னொரு நாற்காலியை வைத்தார்.

"ஐயா, இதுல நீங்க உக்காருங்க."

"அது யாருக்கு?"

"வர வேண்டியவங்களுக்கு."

வையாபுரி உட்கார்ந்தார். மாஸ்டர் அவருடைய துப்பாக்கியைக் கேட்டு வாங்கினார். தோட்டாக்களை எடுத்துவிட்டு, காலியாக இருக்கிறதா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்தார். துணியால் துடைத்தார். "வேர்வையில துருப் பிடிக்கும். பாத்துக்குங்க" என்றார். பிறகு துப்பாக்கியையும் தோட்டா அடைத்த மேகசினையும் திருப்பிக் கொடுத்தார்.

"பாத்து லோடு பண்ணுங்க."

வையாபுரி பார்த்தார். செருகினார். உறையில் வைத்தார். சட்டையை இழுத்துவிட்டார்.

தெய்வானையைத் தன் பக்கத்தில், வையாபுரிக்குப் பின்னால், நிறுத்திக்கொண்டார் மாஸ்டர். பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றி வையாபுரியின் இடது கையில் கொடுத்தார்.

"சர்க்கரை கம்மியோ?" என்றார் வையாபுரி.

"உங்களுக்குச் சர்க்கரை இருக்கே" என்றாள் தெய்வானை.

"பாத்தீங்களா மாஸ்டர், டீயிலகூட எனக்கு உரிமை இல்ல." அவர் சிரித்தார். வெயில் குழிக்குள் இறங்கியிருந்தது. அடியில் தேங்கிய பச்சைத் தண்ணீர் அசையவில்லை. "நான் சொல்றதக் கேளுங்க. அன்னிக்கு நடந்தது அவசரம். இப்ப அப்படியில்ல. இப்ப இந்தக் கை..."

மாஸ்டரின் சட்டைப் பைக்குள், போட்டியில் தொடங்கச் சொல்லும் அந்த மணிக் கருவி ஒலித்தது. சின்ன ஒலிதான்.

"...நான் சொன்னாத்தான் அசையும். நான் வேணாம்னா கம்முனு கெடக்கும். ஒரு நாய்க்குட்டிய வளக்கிற மாதிரி வளத்திருக்கேன் மாஸ்டர்."

பேச்சு அறுபடவில்லை. இடது கையில் தேநீர் ஒரு சொட்டும் சிந்தவில்லை. தெய்வானை முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"ஐயா" என்றார் மாஸ்டர். "துப்பாக்கி எங்க?"

"இடுப்புலதான்."

"பாருங்க."

வையாபுரி குனிந்து பார்த்தார். இடுப்பில் இல்லை. பிறகுதான் நிமிர்ந்தார். அவருடைய வலது கை முன்னால் நீண்டிருந்தது. கையில் துப்பாக்கி இருந்தது. குழல் எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்தது. விசை முழுதாக அழுந்தியிருந்தது.

குழியில் ஒரு சத்தமும் இல்லை. பாறையும் எதையும் திருப்பி அனுப்பவில்லை.

"வெடிக்கலியே" என்றார் அவர்.

"மருந்தில்லாத தோட்டா. நான் மாத்தி வச்சேன்."

"பாத்துத்தானே போட்டேன்."

"கை போட்டுச்சு. நீங்க பாக்கல."

அவர் துப்பாக்கியைக் கீழே வைக்க முயன்றார். விரல்கள் திறக்கவில்லை. மாஸ்டர் அருகே வந்து மண்டியிட்டு, ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தார். வையாபுரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாருடைய கையையோ பார்ப்பது போல.

மாஸ்டர் துப்பாக்கியைக் காலிசெய்து எட்டத்தில் இருந்த மேசைமேல் வைத்தார்.

வையாபுரி தேநீர்க் குவளையைத் தரையில் வைத்தார்.

"வேணாம் மாஸ்டர். எனக்கு இது வேணாம். இன்னிக்கே துப்பாக்கிக் கடையில ஒப்படைச்சிடுறேன். உரிமத்தையும் ரத்து பண்ணச் சொல்லி எழுதிக் கொடுத்துடுறேன். போட்டியும் வேணாம், பாதுகாப்பும் வேணாம். திருடன் வந்தா எடுத்துட்டுப் போகட்டும்." அவருக்கு அழுகை வந்தது. "எம்புள்ள வீட்டுக்கு வரட்டும். துப்பாக்கி போயிட்டா வரலாமில்ல?"

தெய்வானையின் கோபம் இறங்கிவிட்டது. அவர் அழுது அவள் பார்த்ததில்லை. கைபேசியை எடுத்து மகளை அழைத்துக்கொண்டே அவருக்குப் பின்னால் வந்தாள்.

"போதும், கண்ணத் தொடைங்க. நான் கனகாகிட்டச் சொல்றேன். எந்திரிங்க, வீட்டுக்குப் போவோம்."

அவர் தோளில் மெல்லக் கை வைத்தாள்.

வலது கை சட்டையைத் தூக்கியது. காலி உறைக்குள் போய்விட்டு எழுந்தது. உடம்பு நாற்காலியோடு திரும்பியது. அவள் மார்புக்கு நேராக நின்ற வெறும் கையில் ஆள்காட்டி விரல் ஒருமுறை மடங்கி நீண்டது.

கைபேசியில் மகளின் குரல் கேட்டது. "அம்மா? மாஸ்டர் என்ன சொன்னாங்க? அம்மா?"

தெய்வானை அழைப்பைத் துண்டித்தாள்.

வையாபுரி இடது கையால் தன் வலது கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். மடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.

"சொல்லுங்க மாஸ்டர்" என்றார். "அதான் ஒப்படைச்சிடுறேன்னு சொல்லிட்டேனே."

"துப்பாக்கிய வாங்கி வைக்கக் கடை இருக்குங்கய்யா" என்றார் சலேத் மேரி. "இத எங்க ஒப்படைப்பீங்க?"