அறுபதாவது கிலோமீட்டர்

திருநெல்வேலியில் நீர்மூழ்கி மோட்டார் விற்கும் நிறுவனம் ஒன்றில் அருளப்பன் கார் ஓட்டினார். நாளொன்றுக்கு இருநூறு கிலோமீட்டர் ஓட வேண்டிய வேலை அது. மேலாளர் சங்கரலிங்கமோ, நாளொன்றுக்கு அறுபது கிலோமீட்டர் மட்டுமே ஓடலாம் என்ற வரம்போடு ஒரு காரைக் குத்தகைக்கு எடுத்துவிட்டார்.

"நம்ம ஓட்டத்துக்குச் சொந்த வண்டிதான் சார் சரிப்படும்," என்றார் அருளப்பன்.

"நீ வண்டிய ஓட்டு, கம்பெனிய நான் ஓட்டிக்கிடுறேன். அறுபதுக்கு மேல ஒரு கிலோமீட்டர் ஓடுனாலும் உனக்கு வேலை இல்ல."

அந்தக் காரின் முதல் ஓட்டமாக, திங்கட்கிழமை காலையில் மேலாளரே விருதுநகருக்குப் புறப்பட்டார். பத்து மணிக்குப் பெரிய வியாபாரி ஒருவரை அவர் அங்கே சந்திக்க வேண்டும். கோவில்பட்டியைத் தாண்டியதும் அருளப்பன் காரை ஓரங்கட்டி நிறுத்தினார்.

"ஏம்ப்பா நிறுத்திட்ட?"

"அறுபது முடிஞ்சிருச்சு சார். நாளைக்குக் காலையில கிளம்பினா விருதுநகர் போயிரலாம். வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு நீங்க வீட்டுல இருப்பீங்க."

மேலாளர் கைக்கடிகாரத்தையும் வெயிலையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, ஓட்டு. சொந்த வண்டியே வாங்கிரலாம்."

"என் வேலை சார்?"

"அது எங்கேயும் போகாது."

"அத எழுதிக் குடுத்துருங்க சார்."

குத்தகை ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் மேலாளர் இரண்டையும் எழுதிக் கையெழுத்திட்ட பிறகே, அருளப்பன் சாவியைத் திருப்பினார்.