பதினாறைத் தாண்டாத போர்டு

மாசிலாமணிக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருடைய டீச்சர் ஜெசிந்தாவுக்கு முப்பத்துநாலு.

பழைய இரும்புக் கடையில் மூட்டை தூக்கி, ஏலத்தில் தொண்டை கிழியக் கத்தி மேலே வந்த மனுஷன் மாசிலாமணி. பேரம் பேசாமல் ஒரு கொத்தமல்லிக் கட்டுகூட வாங்கியதில்லை. படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. கோயம்புத்தூரில் சின்னதாகப் பட்டறை போட்ட பிறகுதான், இந்தக் கரண்டு என்றால் என்னவென்று யாராவது சொல்லித் தரமாட்டார்களா என்று அலைந்தார். "பாலிடெக்னிக் லேப்ல ஜெசிந்தா டீச்சர் சனிக்கிழமை சனிக்கிழமை வேலைக்குப் போறவங்களுக்குப் பாடம் எடுக்கறாங்க, போய்ப் பாருங்க" என்று வழி காட்டியது உதிரிபாகக் கடை ஜக்கரியா பாய்.

முதல் நாள் வாசலில் நின்று, "இந்த வயசுல உள்ளே விடுவீங்களா" என்று கேட்டார். டீச்சர் முன் பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னார். அதற்காகவே மூன்று வருஷமாக எந்தச் சனிக்கிழமையும் மாசிலாமணி வெறுங்கையோடு வந்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை கொய்யாப்பழப் பையோடு கோபத்தையும் சேர்த்துக் கொண்டுவந்தார்.

"டீச்சர், இதுல எந்தச் சாமான் போலின்னு மட்டும் சொல்லுங்க. மீதியை நான் பாத்துக்கறேன்."

மேஜைமேல் ஒரு வெள்ளைப் பலகை. துளைத் துளையாக இருக்கும், புது சர்க்யூட்டை முதலில் குத்திப் பார்க்கிற போர்டு. திருப்பூர்ச் சாயப்பட்டறை ஒன்றின் கழிவுத் தண்ணீர்த் தொட்டிக்காக மாசிலாமணி தன் கையால் போட்டது. தொட்டி காலியென்றால் அது கம்பியில் நாலு மில்லியாம்ப் கரண்டு அனுப்ப வேண்டும். நிறைந்தால் இருபது. இருபது வந்தால்தான் பம்பு நிற்கும்.

தண்ணீருக்குப் பதிலாக ஒரு திருகு வைத்திருந்தார். திருகினார். நாலு, எட்டு, பன்னிரண்டு என்று அழகாக ஏறியது. பதினாறில் நின்றுவிட்டது. அதற்குமேல் எவ்வளவு திருகினாலும் அசையவில்லை.

"முக்கால் தொட்டிக்கு மேல இதுக்குக் கண்ணே தெரிய மாட்டேங்குது. நிறைஞ்சாலும் முக்கால்னுதான் சொல்லும். பம்பு நிக்காது. சாயத் தண்ணி ரோட்டுல ஓடும். மூணு மணிக்கு அவங்க இன்ஜினியர் பாக்க வர்றாரு. இன்னைக்குக் கோட்டை விட்டா இந்த வேலை போச்சுங்க. அடுத்ததை எவன் குடுப்பான்?"

"எதை மாத்திப் பாத்தீங்க?"

"டிரான்சிஸ்டரை. மூணு தடவை."

"மூணும் எங்கே நின்னுச்சு?"

"பதினாறுல."

"மூணு போலியும் ஒரே இடத்துல நிக்குதா. ரொம்ப ஒத்துமையான போலியா இருக்குதுங்ணா."

மாசிலாமணிக்குச் சிரிப்பு வரவில்லை. "காலைல பாய்க்குப் போன் போட்டு நாலு வார்த்தை விட்டேன். போலிச் சரக்கை என் தலையிலயே கட்டறயான்னு."

"அவரு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. கடையைச் சாத்திட்டு அவரே பைக்குல வந்து வேற ஒண்ணு குடுத்துட்டுப் போனாரு. டீகூடக் குடிக்கல."

டீச்சர் பலகையைத் தொடவில்லை. அதிலிருந்து கிளம்பிப் போகும் கம்பியை விரலால் தொடர்ந்தார். கம்பி ஒன்றுதான். சப்ளையில் கிளம்பி, போர்டுக்குள் புகுந்து, தொட்டியின் அளவைக் காட்டும் ஒரு டிஸ்ப்ளே, இன்னொரு டிஸ்ப்ளே, ஒரு பச்சை லாம்ப்பு, கடைசியில் பம்பை நிறுத்தச் சொல்லும் பெட்டி என்று ஒவ்வொன்றாக நுழைந்து வெளியே வந்து சப்ளைக்கே திரும்பியது.

மீட்டரை எடுத்து மாசிலாமணி கையில் கொடுத்தார்.

"வழியில யார் யார் எவ்வளவு வோல்ட் எடுத்துக்கறாங்கன்னு பாருங்க."

மாசிலாமணி வைத்துப் பார்த்தார். "முதல் டிஸ்ப்ளே, நாலு."

"ம்."

"ரெண்டாவதும் நாலு. லாம்ப்பு மூணு. பெட்டி நாலு."

"மொத்தம்?"

"பதினஞ்சு."

"சப்ளை?"

"இருபத்திநாலு."

"போர்டுக்கு என்ன மிஞ்சுச்சு?"

"ஒன்பது."

"அது உசுரோட இருக்கறதுக்கு எவ்வளவு வேணும்?"

அது அவருக்குத் தெரியும். பலகை ஓரத்தில் அவரே பேனாவால் எழுதி ஒட்டியிருந்தார். ஒன்பது.

"இப்ப இருபது குடுன்னு கேக்கறீங்க. இருபது போச்சுன்னா பெட்டி நாலுக்குப் பதிலா அஞ்சு எடுக்கும். அந்த ஒரு வோல்ட் யார்கிட்ட இருந்து வரும்?"

மாசிலாமணி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ஒன்பதுங்கறது கொஞ்சம் ஜாஸ்திதான் டீச்சர்."

"பேசிப் பாருங்க."

"யார்கிட்ட?"

"போர்டுகிட்டத்தான். எட்டுக்குப் படியுதான்னு."

மாசிலாமணி கம்பியில் விரல் வைத்தார். "ரெண்டு டிஸ்ப்ளேயும் அவங்க கேட்டது" என்றார். "தொட்டிகிட்ட ஒண்ணு, ஆபீஸ்ல ஒண்ணு. பெட்டி இல்லாம முடியாது."

"லாம்ப்பு?"

"அது... நானா வெச்சதுங்க. பச்சையா எரிஞ்சா பாக்கறவங்களுக்கு ஒரு இதா இருக்கும்னு."

லாம்ப்புக்குக் கீழே மாசிலாமணி பட்டறையின் பெயர் தங்க எழுத்தில் ஒட்டியிருந்தது. டீச்சர் அதைப் பார்த்தார்.

சப்ளையை அணைத்தார் மாசிலாமணி. லாம்ப்பைக் கழற்றினார். அது இருந்த இடத்தில் கம்பியின் இரண்டு முனைகளையும் முறுக்கிச் சேர்த்தார். சப்ளையைப் போட்டுத் திருகினார்.

பதினாறு. பதினேழு. பத்தொன்பது. இருபது.

மறுபடி நாலுக்கு இறக்கி மறுபடி ஏற்றினார். இருபது. பெட்டிக்குள் டக்கென்று பம்பை நிறுத்தும் சத்தம் கேட்டது. மாசிலாமணி சர்க்யூட்டைப் பார்த்துக் கும்பிட்டார். அப்புறம் டீச்சரைப் பார்த்தும்.

"முதமுதல்ல கழட்டின டிரான்சிஸ்டர் எங்கே?"

"பாக்கெட்டுல இருக்குது. பாய் மூஞ்சில விட்டெறியறதுக்கு வெச்சிருந்தேன்."

"போடுங்க."

போட்டார். திருகினார். இருபது.

பிறகு போனை எடுத்தார்.

"ஸ்பீக்கர்ல போடுங்க. லேபுக்கு எனக்கும் கொஞ்சம் சாமான் சொல்லணும்" என்றபடி டீச்சர் பையிலிருந்து ஒரு கொய்யாவை எடுத்துத் துடைத்தார்.

ஜக்கரியா பாயின் குரல் வந்தது. "சொல்லுங்ணா. இதுவும் சரியில்லையா? வேற கொண்டாரட்டா?"

"டீச்சர் லேப்ல இருந்து பேசறேன் பாய். வேற வேண்டாம். முதல்ல குடுத்தீங்கள்ல, அதுவே நல்ல சரக்கு. நான்தான்..." கழற்றிய லாம்ப்பை ஓரமாகத் தள்ளினார். "காலைல பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க."

"அட விடுங்கண்ணா. வேலை செஞ்சுச்சுல்ல, அது போதும்."

"இதே மாதிரி அம்பது செட்டு வேணும் பாய்."

"எடுத்து வெச்சர்றேன். விலையையும் நீங்களே சொல்லிருங்க. எப்படியும் அரை மணி நேரம் பேசி நீங்க சொல்றதுலதான் வந்து நிக்கும். எனக்கு வெளியே ஆள் நிக்குது."

மாசிலாமணி பலகை ஓரத்தில் ஒட்டியிருந்த ஒன்பதைப் பார்த்தார்.

"இந்தத் தடவை நீங்க சொல்லுங்க பாய்."

போனில் கடைக்கு வெளியே போகிற பஸ்ஸின் ஹாரன் மட்டும் கேட்டது.

"டீச்சர், பக்கத்துல இருக்கீங்களா?" என்றார் பாய், குரலைத் தாழ்த்தி. "அண்ணனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

டீச்சர் கொய்யாவைக் கடித்தார்.

"நல்லாத்தான் இருக்காருங்க பாய். ஒரு லாம்ப்பைக் கழட்டினாரு, அவ்வளவுதான்."