அக்காவுக்கு விட்ட வழி

ஆம்பல் மடுவில் மடுவாயி என்றொரு நீர்நாய் இருந்தாள். கரையோரத்து நாவல் மரத்தில் சிலுப்பன் என்றொரு குரங்கு இருந்தான். இரண்டு பேரும் ஒரே மழைக்காலத்தில் பிறந்தவர்கள். ஒரு நாள் சண்டை போடாவிட்டால் இரண்டு பேருக்கும் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

"ஏய் தண்ணிப்பூனை! குளிச்சுக் குளிச்சே உன் உடம்பு ஊறிப்போச்சு பாரு!" என்று கிளையிலிருந்து கத்துவான் சிலுப்பன்.

"நீ குளிக்காம குளிக்காம இந்த மரமே நாறுது, அதை முதல்ல பாரு!" என்பாள் மடுவாயி, மல்லாந்து மிதந்தபடி.

சொல்லி முடித்ததும் அவன் நல்ல பழுத்த நாவற்பழமாகப் பார்த்துக் கீழே போடுவான். அவள் அதை வாயாலேயே எட்டிப் பிடிப்பாள். அவ்வளவுதான் அவர்கள் சண்டை.

மடுவாயிக்கு ஒரு வித்தை தெரியும். மூச்சு நின்று விழுந்து கிடப்பவரின் நெஞ்சை அமுக்கி, வாயில் ஊதி, போன மூச்சைத் திரும்ப அழைத்து வந்துவிடுவாள். மலைமேல் இருந்த கரடி வைத்தியரிடம் ஒரு கோடை முழுக்கத் தங்கி அதைக் கற்றிருந்தாள். மடுவில் வழுக்கி விழுந்த அணில் அவளால்தான் பிழைத்தது. மழைவெள்ளத்தில் அடித்து வரப்பட்ட முயல் பிழைத்தது. தன் அழகைத் தண்ணீரில் பார்க்கிறேன் என்று குனிந்து, தலைகுப்புற விழுந்த மயில்கூடப் பிழைத்தது.

அதனால் அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. யாராவது விழுந்து கிடந்தால் தவளைகள் எல்லாம் சேர்ந்து, "மடுவாயிக்கா! மடுவாயிக்கா!" என்று கத்தும். மற்ற விலங்குகள் ஓடி வந்து, விழுந்தவரைச் சுற்றி வட்டமாக நிற்கும். தண்ணீர்ப் பக்கம் மட்டும் வட்டத்தில் ஓர் இடைவெளி விடும். அதுதான் அக்கா வருவதற்கான வழி. அக்கா கை படும் முன்னால் வேறு யாரும் விழுந்தவரைத் தொடக்கூடாது. தொட்டால் அது அக்காவுக்கு மரியாதைக் குறைவு.

இந்த மரியாதை மடுவாயிக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"எல்லாரும் வாங்க, சொல்லித் தர்றேன். கோரைப்புல்லை மூட்டையாக் கட்டி வெச்சிருக்கேன். அதை அமுக்கிப் பழகலாம்" என்று கூப்பிட்டுப் பார்த்தாள்.

காட்டுப்பன்றி கட்டையன் தரையைக் கிளறிக்கொண்டே சொன்னான்: "எனக்கு எதுக்குக்கா? கிழங்கு தோண்டுறவனுக்கு இந்த வேலையெல்லாம் சரிப்படுமா?"

முயல் சொன்னது: "எனக்கு ஆளு விழுந்து கிடக்கிறதைப் பார்த்தாலே மயக்கம் வந்துடும்! அப்புறம் எனக்கும் சேர்த்து நீங்கதான் ஊதணும்!"

நரி வாலை நீவிக்கொண்டு, குரலில் தேன் தடவிப் பேசியது: "எல்லாரும் கத்துக்கிட்டா உங்களுக்கு என்னக்கா மதிப்பு? உங்க நல்லதுக்குத்தான் நான் கத்துக்காம இருக்கேன்!"

கடைசியில் சிலுப்பன் ஒருவனைத்தான் வாலைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைக்க முடிந்தது. அவனும் புல்மூட்டையைக் கண்டதும் சிரித்தான். வயிற்றில் இரண்டு கையையும் வைத்துக் குதித்தான்.

"வயிறு இல்லடா, நெஞ்சு! நட்டநடு நெஞ்சு!" என்று அவன் கையில் ஒரு தட்டு தட்டினாள் மடுவாயி. "கையை மடக்காதே. பலமா அமுக்கு, வேகமா அமுக்கு. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு மேல எழும்ப விடு. முப்பது அமுக்கு, அப்புறம் ரெண்டு ஊது."

"இருபதுக்கு மேல எண்ண எனக்கு விரல் இல்லையே!"

"வாயால எண்ணுடா!"

சிலுப்பன் கொஞ்ச நேரம் ஒழுங்காகத்தான் அமுக்கினான். பிறகு நிறுத்திவிட்டுக் கேட்டான்: "ஏன்டி, இப்படி அமுக்கினா எலும்பு உடைஞ்சு போகாதா?"

"போனாலும் போகும். உடைஞ்ச எலும்பைக் கரடி வைத்தியர் கட்டிருவாரு. நின்ன நெஞ்சை அவரு மலையிலேருந்து இறங்கி வர்ற வரைக்கும் யாருடா பார்த்துக்கிறது?"

அப்போது கிழக்குப் பக்கத்திலிருந்து அத்திப்பழ வாசனை அடித்தது. "மீதியை நாளைக்குப் பார்க்கலாம்!" என்று ஒரே தாவில் மரமேறிவிட்டான் சிலுப்பன். அந்த நாளை வரவே இல்லை. அத்திப்பழம் தீர்ந்ததும் இலந்தை பழுத்தது. இலந்தை தீர்ந்ததும் வேறொன்று பழுத்தது.

ஒரு நாள் உச்சிவெயிலில் புள்ளிமான் ஒன்று தன் குட்டியோடு தண்ணீர் குடிக்க வந்தது. குட்டிக்கு ஆம்பல் தண்டின் மேல் ஆசை. ஓர் அடி முன்னே வைத்தது. சேற்றில் கால் வழுக்கி, "அம்மா!" என்றபடி ஆழத்துக்குள் போய்விட்டது.

மடுவாயி அம்பு போலப் பாய்ந்தாள். குட்டியைத் தலையால் முட்டித் தள்ளிக் கரையேற்றினாள். குட்டி இருமியது, தும்மியது, தாயின் காலுக்கிடையில் போய் ஒளிந்துகொண்டது.

ஆனால் மடுவாயி மேலே வரவில்லை.

யாரோ மீனவர் விட்டுப்போன கிழிந்த நைலான் வலை ஒன்று வெள்ளத்தில் வந்து மடுவின் அடியில் கிடந்தது. அவள் பின்னங்கால் அதில் சிக்கிக்கொண்டது. இழுக்க இழுக்க வலை இன்னும் சுற்றியது.

மேலே கிளையில் இருந்த சிலுப்பன் தண்ணீரையே பார்த்தான். குமிழிகள் வந்தன. பிறகு குறைந்தன. பிறகு நின்றுவிட்டன.

"ஏய் தண்ணிப்பூனை! விளையாடாதே, மேல வா!" என்றான். ஒரு குமிழிகூட எழவில்லை. அவன் கட்டையன் இருக்கும் பக்கம் திரும்பிக் கத்தினான்: "கட்டையா! ஓடி வாடா! மடுவாயி உள்ள மாட்டிக்கிட்டா!"

கட்டையன் தடதடவென்று ஓடி வந்து தண்ணீரில் இறங்கினான். வலையைப் பல்லால் கவ்வி, முழு பலத்தோடு இழுத்தான். வலை வந்தது. வலையோடு மடுவாயியும் வந்தாள். கண் மூடியிருந்தது. நெஞ்சு ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

தவளைகள் கத்தத் தொடங்கின: "மடுவாயிக்கா! மடுவாயிக்கா!"

விலங்குகள் நாலாபக்கமிருந்தும் ஓடி வந்தன. வட்டமாக நின்றன. தண்ணீர்ப் பக்கம் இடைவெளி விட்டன.

"வழி விடுங்க! வழி விடுங்க! அக்கா வர்ற வழி!" என்றது நரி.

கட்டையன் மூச்சிரைக்கப் பின்னால் நகர்ந்து நின்றான். "நான் இழுத்துப் போட்டுட்டேன். இனி அக்கா வந்து பார்த்துக்குவாங்க" என்றான்.

"எந்த அக்காடா?" என்று அலறினான் சிலுப்பன். "கிடக்கிறதே அக்காதானே!"

எல்லோரும் அந்த இடைவெளியைப் பார்த்தார்கள். அதன் வழியே யாரும் வரவில்லை. தவளைகள் ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொண்டன.

பிறகு ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள்.

"தலைகீழாத் தொங்கவிட்டுச் சுத்துங்க! தண்ணி கொட்டிடும்!" என்றான் கட்டையன்.

"வாயில கொஞ்சம் தேன் ஊத்துங்க!" என்றது மயில்.

"காத்து வரட்டும், தள்ளி நில்லுங்க!" என்றது நரி, இன்னும் கிட்டே வந்து எட்டிப் பார்த்தபடி.

சிலுப்பன் மரத்திலிருந்து குதித்து அவள் பக்கத்தில் வந்துவிட்டான். ஆனால் நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். பாதிதான் தெரியும் எனக்கு. நான் தொட்டு இவள் செத்துப்போனால்? என் கையால் இவள் எலும்பு உடைந்தால்? நாளைக்கு நான் எந்த முகத்தோடு இந்த மரத்தில் உட்காருவேன்?

அவள் முகத்தைப் பார்த்தான். அசைவில்லாத அந்த மீசையில் தண்ணீர்ச் சொட்டு நின்றது. தொட்டாலாவது ஒரு வழி உண்டு, தொடாவிட்டால் அதுவும் இல்லை என்று அவனுக்குப் பட்டது.

"யாரும் தொங்கவிட வேண்டாம்! எதையும் ஊத்த வேண்டாம்!" என்றான். அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. "முயலு! நீ ஓடு, மலைக்கு! கரடி வைத்தியரைக் கூட்டிக்கிட்டு வா! வேற யாரையும் இல்ல, உன்னைத்தான் சொல்றேன், ஓடு!"

மயக்கம் போட நினைத்த முயல் அதை மறந்துவிட்டு ஓடியது.

சிலுப்பன் மடுவாயியை மல்லாக்கக் கிடத்தினான். தோளைத் தட்டி, "மடுவாயி! மடுவாயி!" என்று கூப்பிட்டான். அசைவில்லை. மூக்கருகே கன்னத்தை வைத்துப் பார்த்தான். காற்றில்லை. மடுவாயி மற்றவர்களுக்குச் செய்ததை மரத்திலிருந்து பார்த்தபடியே, அவள் தலையை மெல்லப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயில் ஊதினான். அவள் நெஞ்சு லேசாக எழுந்து தாழ்ந்தது. மறுபடியும் ஊதினான். பிறகு நடுநெஞ்சில் கையை வைத்து அமுக்கத் தொடங்கினான்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..." இருபது வரை வந்ததும் பதற்றத்தில் எண்ணிக்கை குழம்பியது. "தவளைங்களா! சும்மா இருக்காதீங்க, எண்ணுங்க!"

தவளைகள் எண்ணின. மடு முழுக்க அந்த எண்ணிக்கை எதிரொலித்தது. முப்பது வந்ததும் நின்றன. சிலுப்பன் இரண்டு தடவை ஊதினான். மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று.

அவள் நெஞ்சுக்குள் ஏதோ 'சட்'டென்றது. சிலுப்பன் கை ஒரு கணம் தயங்கியது. அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. அழுதுகொண்டே தொடர்ந்து அமுக்கினான்.

தோள் வலித்தது. கை தளர்ந்தது. நெஞ்சில் இறங்கும் பலம் குறைவதை அவனே உணர்ந்தான்.

"என்னால முடியலடா... யாராவது மாத்துங்க!"

விலங்குகள் ஒன்றையொன்று பார்த்தன. நரி தலை குனிந்தபடி முன்னே வந்தது.

"எனக்குத் தெரியாதே, சிலுப்பா."

"நான் சொல்றேன். இங்க கால் வை. நேரா நில்லு. தவளை எண்ணுறப்ப அமுக்கு. மெதுவா இல்ல! இன்னும் பலமா! அப்படித்தான்!"

நரி அமுக்கியது. சிலுப்பன் ஊதினான். நரி களைத்ததும் சிலுப்பன் அமுக்கினான். இப்படி மாற்றி மாற்றி எத்தனை தடவை என்று தவளைகளுக்கே தெரியாது.  மான்குட்டி விசும்பியது.

திடீரென்று மடுவாயியின் தொண்டையில் களக்கென்று ஒரு சத்தம். வாயிலிருந்து தண்ணீர் வந்தது. சிலுப்பன் சட்டென்று அவளை ஒருக்களித்துத் திருப்பினான். அவள் இருமினாள். ஒரு மூச்சு இழுத்தாள். கரகரவென்று இன்னொன்று இழுத்தாள். கண்ணைக் கொஞ்சம் திறந்தாள். உதடு அசைந்தது. என்ன சொல்கிறாளோ என்று சிலுப்பன் காதைக் கிட்டே கொண்டுபோனான்.

"பல்லு... விளக்குடா..." என்றாள் மடுவாயி.

சிலுப்பன் ஓவென்று அழுதான். அழுகையோடு அழுகையாகச் சிரிப்பும் வந்தது. கட்டையன் தன் கண்ணைச் சேற்றுக்காலால் துடைத்துக்கொண்டு முகமெல்லாம் சேறானான்.

கரடி வைத்தியர் மலையிறங்கி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. முயல் அவர் தோளில் மூச்சிரைக்க உட்கார்ந்திருந்தது. வைத்தியர் மடுவாயியின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். விலாவைத் தடவிப் பார்த்தார்.

"எலும்பு ஒண்ணு விட்டிருக்கு. பச்சிலை வெச்சுக் கட்டினா சேர்ந்துரும்" என்றார். பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "நான் எவ்வளவு வேகமா வந்தாலும் இவ்வளவு நேரம் ஆகுது. அதுவரைக்கும் உயிரைப் பிடிச்சு வெச்சது இந்தக் கைதான். இது மட்டும் இல்லேன்னா நான் வந்து செய்யறதுக்கு ஒண்ணுமே இருந்திருக்காது."

சிலுப்பன் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். அவனுக்கு வெட்கமாக இருந்தது.

விலா ஓரளவு தேறியதும் மடுவாயி கரையில் வந்து உட்கார்ந்தாள். இந்தத் தடவை அவள் யாரையும் கூப்பிடவில்லை. மொத்தக் காடும் தானாக வந்து உட்கார்ந்திருந்தது. முயல் முதல் வரிசையில் இருந்தது. மயில் தோகையை மடக்கி வைத்துக்கொண்டு பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்காமல் உட்கார்ந்தது.

"விழுந்து கிடக்கிற மாதிரி நடிக்க ஒரு ஆள் வேணும்" என்றாள் மடுவாயி.

"அதை என்கிட்ட விடுங்கக்கா!" என்று நரி ஓடிவந்து படுத்தது. செத்தவன் போலக் கிடப்பதில் நரியை மிஞ்ச அந்தக் காட்டில் ஆளில்லை. கால் விறைத்தது, நாக்குத் தொங்கியது. மான்குட்டி பயந்தேவிட்டது.

"கட்டையா, நீ வா. முதல்ல என்ன செய்யணும்?"

கட்டையன் மிகுந்த அக்கறையோடு வந்தான். கனமான இரண்டு முன்னங்கால்களையும் தூக்கி, குறி பார்த்து, நரியின் நெஞ்சுக்கு நேராக ஓங்கினான்.

"ஐயோ! நான் உசுரோட இருக்கேன்டா!" என்று துள்ளியெழுந்து ஓடியது நரி.

காடே சிரித்தது. மடுவாயி வலிக்கும் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அதுதான் முதல் பாடம். கூப்பிட்டுப் பாரு, மூச்சு இருக்கான்னு பாரு. இல்லேன்னாதான் அமுக்கணும். அமுக்கிப் பழக அதோ புல்மூட்டை இருக்கு. நரித் தம்பி, பயப்படாம வந்து படு. கட்டையா, மறுபடியும் முதல்லேருந்து!"

காப்பாற்றும் கை எங்கிருந்தோ வரும் என்று வழிவிட்டு நிற்காமல், பக்கத்தில் இருக்கும் நம் கையே காப்பாற்றும்படி முதலுதவியை ஒவ்வொருவரும் கற்றுவைக்க வேண்டும்.